நாய்களுக்குத் தடுப்பூசி: வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுக் குட்டியைக் கொண்டுவருபவரிடம் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது, "பிறந்த தேதி தெரியுமா?" என்பதுதான். பலருக்குத் தெரியாது. பெயர், இனம், கொடுத்த விலை எல்லாம் சொல்வார்கள். வயது மட்டும் "ஒன்றரை மாதம் இருக்கும், இரண்டு மாதமாகக்கூட இருக்கலாம்" என்று இழுக்கும். நாய்க்குட்டித் தடுப்பூசியின் பலன் பெரும்பாலும் அந்த வயதைப் பொறுத்தே அமைகிறது. கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டுச் சூழலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் நாயைக் கையால் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் வேறு அட்டவணை சொன்னால், காரணத்தைக் கேட்டுக்கொண்டு அதையே பின்பற்றுங்கள்.

குட்டிக்கு எந்த வயதில் தடுப்பூசி தொடங்க வேண்டும்?

ஆறு முதல் எட்டு வார வயதுக்குள் முதல் ஊசி. அதன் பிறகு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் 8, 12, 16 வாரங்கள் என்று வரும். ஆறு வாரத்திலேயே பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு கொடிய வைரஸ் நோய்களுக்கு மட்டுமான குட்டிகளுக்குரிய ஊசியைப் போட்டுத் தொடங்கும் மருத்துவர்களும் உண்டு. வெறிநாய்க்கடி நோய்க்கான ரேபிஸ் ஊசி 12 வாரம் நிறைந்த பிறகு. ஆறு மாதத்திலோ ஒரு வயதிலோ எல்லாவற்றுக்கும் ஒரு பூஸ்டர், அதாவது பாதுகாப்பைப் புதுப்பிக்கும் ஊசி.

மூன்று ஊசியும் போட்டோம். பிறகும் பார்வோ வந்து குட்டி இறந்துவிட்டது. ஊசி போலியா?

போலியாகவோ கெட்டுப்போனதாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் முதலில் தடுப்பூசி அட்டையைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். 5 வாரத்தில் ஒன்று, 7 வாரத்தில் ஒன்று, 9 வாரத்தில் ஒன்று என்று இருந்தால் மருந்தின்மேல் குற்றமில்லை.

பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நிறைய இருக்கின்றன. முதல் சில வாரங்களுக்குக் குட்டியைக் காப்பவை அவைதாம். ஆனால் அவை காவலாளி மாதிரி. வருவது நோய்க் கிருமியா, தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த கிருமியா என்று பார்க்காமல் இரண்டையும் வாசலிலேயே தடுத்துவிடும். அதனால் தாயின் பாதுகாப்பு வலுவாக இருக்கும்போது போடும் ஊசியைக் குட்டியின் உடல் கவனிப்பதே இல்லை. அந்தப் பாதுகாப்பு நாளுக்கு நாள் கரைந்துகொண்டே போகும். சில குட்டிகளில் எட்டு வாரத்தில் கரைந்துவிடும். சிலவற்றில் பதினான்கு, பதினாறு வாரம் வரை நிற்கும். ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே வேறுபடும், ஏனென்றால் எந்தக் குட்டி எவ்வளவு சீம்பால் குடித்தது என்பது ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஆகவே "மூன்று ஊசி" என்ற எண்ணிக்கைக்குத் தனி மதிப்பு எதுவுமில்லை. 9 வாரத்தில் முடிந்த மூன்று ஊசிகளைவிட, 16 வாரம் நிறைந்தபின் போட்ட ஒரே ஊசி பலன் தர வாய்ப்பு அதிகம். குட்டியை விற்பவர்கள் "கோர்ஸ் முடிந்துவிட்டது" என்று சொல்லிக் கொடுக்கும்போது, முடிந்த தேதியில் குட்டிக்கு என்ன வயது என்று கணக்குப் போடுங்கள்.

அப்படியானால் 16 வாரம் வரை பொறுத்திருந்து ஒரே ஊசியாகப் போட்டுவிடலாமே?

கூடாது. தாயின் பாதுகாப்பு எட்டு வாரத்திலேயே கரைந்துபோன குட்டி அடுத்த இரண்டு மாதம் வெறுங்கையுடன் நிற்கும். பார்வோ தாக்குவது பெரும்பாலும் அந்த வயதில்தான். எந்தக் குட்டிக்கு எப்போது கரையும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாததால்தான் சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு ஊசியும் முந்தையதன் மிச்சத்தை நிரப்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவற்றில் ஏதோ ஒன்று சரியான நாளில் விழுந்தாலே போதும். அது எது என்பதுதான் நமக்குத் தெரியாது.

விற்றவர் "முதல் ஊசி போட்டாயிற்று" என்றார். நம்பலாமா?

தடுப்பூசிக் குப்பியின்மேல் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி அதில் அச்சாகியிருக்கும். அதைக் கிழித்து அட்டையில் ஒட்டி, தேதியிட்டு, மருத்துவர் கையெழுத்திடுவது வழக்கம். ஒட்டுத்தாள் இல்லை, வெறும் பேனாவில் ஒரு தேதி மட்டும் இருக்கிறது என்றால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கூடுதலாக ஒரு ஊசி விழுவதால் கெடுதல் இல்லை.

ஒரே ஊசியில் ஏழு நோய், ஒன்பது நோய் என்கிறார்களே. என்னென்ன?

எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமியின் வகைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்த்தால் பட்டியல் நீளும். உலகில் எந்த நாட்டில் வளரும் நாய்க்கும் கட்டாயம் வேண்டியவை பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ வைரஸ் கல்லீரல் அழற்சி, நம்மைப் போன்ற நாடுகளில் ரேபிஸ். எலிக்காய்ச்சலையும் நம் ஊரில் இந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டும்.

பார்வோ 1978 வாக்கில் உலகெங்கும் திடீரென்று தோன்றிய வைரஸ். இந்தியாவில் 1980களின் தொடக்கத்திலேயே அப்போதைய மெட்ராஸில் கண்டறியப்பட்டது. வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத்தான் அது தேடிப் போகும்: குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை. முதல் நாள் சோர்வு, சாப்பிட மறுப்பு. பிறகு ஓயாத வாந்தி, நாற்றமெடுக்கும் இரத்தக் கழிச்சல். குடல்சுவர் உரிந்துபோவதால் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலக்கின்றன. எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களோ மஜ்ஜையிலேயே அழிந்திருக்கும். ராட்வைலர், டாபர்மேன் குட்டிகளை அது கடுமையாகத் தாக்குவது தெரிந்த விஷயம்.

டிஸ்டெம்பர் மெதுவாகக் கொல்வது. மனிதர்களின் தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவு. கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடியும். காய்ச்சல் வந்து தணிந்து மீண்டும் வரும். பாதத்தின் அடிப்பகுதி தடித்துக் காய்த்துப்போகும். தேறிவிட்டது என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில் தலை வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கும், வலிப்பு வரும். பிழைக்கும் நாய்களில் சில வாழ்நாள் முழுதும் ஒரு காலை உதறிக்கொண்டே இருக்கும். இது காட்டு விலங்குகளையும் விடாது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் சிலவற்றின் உடலில் இந்த வைரஸ் இருந்தது உறுதியானது. காட்டையொட்டிய ஊர்களில் நாய்களுக்கு ஊசி போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடினோ வைரஸ் கல்லீரலைத் தாக்கும். ஊசி பரவலானதால் இப்போது அரிதாகிவிட்டது. பாராஇன்ஃபுளுவென்சா வறட்டு இருமல் வகை. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

ஊசி போட்ட மறுநாளே பார்வோ வந்துவிட்டது. ஊசிதான் நோயைக் கொடுத்ததா?

இல்லை. கிருமி உடலில் நுழைந்து மூன்று முதல் ஏழு நாள் கழித்துத்தான் பார்வோவின் அறிகுறி தெரியும். ஊசி போட்ட அன்றே குட்டிக்குள் நோய் இருந்திருக்கிறது. ஊசி வேலை செய்யவும் சில நாட்கள் வேண்டும்.

பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டுக்கு மறு குட்டி கொண்டுவரலாமா?

ஊசி முழுவதும் முடிந்த, ஐந்து மாதம் தாண்டிய நாயாக இருந்தால் கொண்டுவரலாம். சின்னக் குட்டி வேண்டாம். இந்த வைரஸ் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பல மாதங்கள், ஓராண்டுக்கு மேலும்கூட உயிரோடு இருக்கும். நம் வீடுகளில் எதற்கும் ஃபினாயில் ஊற்றுவது வழக்கம். வாசனை பரவும், பார்வோ சாகாது. தரையை முதலில் சோப்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் என்பது கணக்கு. அழுக்கின்மேல் ஊற்றினால் பிளீச்சும் பலனளிக்காது. சாப்பாட்டுத் தட்டு, சங்கிலி, சாக்கு, பாய் எல்லாவற்றையும் கவனியுங்கள். துணிகளை எரித்துவிடுவதே நல்லது.

பார்வோவுக்கு வீட்டு வைத்தியம் உண்டா?

மஞ்சள், மோர், இளநீர், பப்பாளி இலைச் சாறு, கீழாநெல்லி என்று ஒவ்வோர் ஊரிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. நிற்காமல் வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் எதை ஊற்றினாலும் அது வெளியேதான் வரும். மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். பார்வோவில் குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பும் இரத்தத்தில் பரவும் பாக்டீரியாவும். நரம்பு வழியே திரவம், வாந்தியை நிறுத்தும் மருந்து, நோய்க்கிருமிக் கொல்லிகள் என்று நாலைந்து நாள் விடாமல் பார்த்தால் நிறையக் குட்டிகள் பிழைக்கின்றன. முதல் வாந்திக்கும் மருத்துவமனைக்கும் இடையில் போகும் நேரம்தான் பெரிய இழப்பு.

எலிக்காய்ச்சல் ஊசி நாய்க்கு எதற்கு?

எலி, பெருச்சாளி ஆகியவற்றின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி வெளியேறுகிறது. மழைநீர் தேங்கும்போது அது தெருவெங்கும் பரவி, நாயின் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ, அந்தத் தண்ணீரை நக்கும்போதோ உடலுக்குள் போகிறது. சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், சிறுநீர் கறுத்து வரும் அல்லது நின்றேபோகும். நோய்வாய்ப்பட்ட நாயின் சிறுநீரைத் துடைக்கும் வீட்டாருக்கும் தொற்றக்கூடிய நோய் இது. சென்னை, கடலூர் போன்ற வெள்ளம் தேங்கும் ஊர்களில் இதை விருப்பத்தேர்வாகக் கருத முடியாது.

இந்த ஊசிக்கென்று இரண்டு தனிக் குணங்கள் உண்டு. முதலாவது, தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட்டால்தான் பிடிக்கும். இரண்டாவது, பாதுகாப்பு ஓராண்டு அளவே நிற்கும். எனவே ஆண்டுதோறும் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரில் போடுவது புத்திசாலித்தனம். ஊசியில் சேர்த்த வகைகளுக்கு எதிராக மட்டுமே அது காக்கும். நான்கு வகைகள் உள்ள மருந்து கிடைத்தால் இரண்டு வகை மருந்தைவிட மேல்.

எங்கள் நாய் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. ரேபிஸ் ஊசி வேண்டுமா?

வேண்டும். வெளியே போகாத நாய் என்று ஒன்று கிடையாது. தீபாவளி வெடிச்சத்தத்தில் வாசல் திறந்திருந்தால் எந்த நாயும் ஓடும். வெறிபிடித்த தெருநாய் திறந்த கேட்டுக்குள் வருவதும் நடக்கும். வெளியே போகாமலே நோய் வரும் என்பதற்கு பார்வோ இன்னும் நல்ல சாட்சி: அது உங்கள் செருப்பில் வீட்டுக்குள் வருகிறது.

ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு நாயையோ மனிதரையோ காப்பாற்றும் மருத்துவம் இன்றுவரை இல்லை. உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்க்கடியால் வருவது.

செலவு காரணமாகத் தள்ளிப்போடுபவர்கள் அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப்பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசியை உருவாக்கிய லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ரேபிஸ் ஊசி போட்ட நாளான ஜூலை 6, அவர் இறந்த நாளான செப்டம்பர் 28 ஆகியவற்றை ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம்கள் நடக்கின்றன.

எல்லா ஊசியும் ஆண்டுதோறும் போட வேண்டுமா?

இல்லை, இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஒரு வயது பூஸ்டர் முடிந்த நாய்க்கு, பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ மூன்றுக்கும் எதிரான பாதுகாப்பு பல ஆண்டுகள் நிற்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்பதே உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். எலிக்காய்ச்சல் ஊசி மட்டும் ஆண்டுதோறும். ரேபிஸ் மருந்துகளில் சில மூன்றாண்டுப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்றவை. ஆனாலும் தெருவெங்கும் ரேபிஸ் சுற்றும் நம் நாட்டில் ஆண்டுக்கொருமுறை போடுவதே நடைமுறை, மாநகராட்சி உரிமத்துக்கும் அதையே கேட்கிறார்கள்.

ஆனால் சந்தையில் பெரும்பாலும் எல்லாம் ஒன்றாகக் கலந்த குப்பியே கிடைப்பதால் மருத்துவர் ஆண்டுதோறும் அதையே போட்டுவிடுகிறார். எலிக்காய்ச்சலுக்கு மட்டும் தனியாகப் போட முடியுமா என்று கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் தனிக் குப்பிகளும் வரும்.

நாட்டு நாய்க்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், ஊசி தேவையில்லை என்கிறார்களே?

தெருவில் வளர்ந்து நிற்கும் நாயைப் பார்த்து இப்படிச் சொல்கிறோம். அதோடு பிறந்த ஐந்தாறு குட்டிகள் எங்கே என்று கேட்பதில்லை. அவற்றில் பல மூன்று மாதம் தாண்டுவதற்குள் கழிச்சலிலும் வலிப்பிலும் போயிருக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எதுவானாலும் அட்டவணை ஒன்றுதான். வெயிலைத் தாங்குவது வேறு, வைரஸைத் தாங்குவது வேறு.

சின்ன இன நாய்க்குப் பாதி அளவு போதுமா?

போதாது. இரண்டு கிலோ பொமரேனியனுக்கும் அறுபது கிலோ கிரேட் டேனுக்கும் ஒரே முழுக் குப்பிதான். ஒரு குப்பியை இரண்டு குட்டிகளுக்குப் பங்கிட்டால் இரண்டுக்கும் ஊசி போட்டதாகாது.

மருந்துக்கடையில் வாங்கி நானே போட்டால் செலவு குறையுமே?

குத்துவதில் பெரிய வித்தையில்லை. சிக்கல் குளிரில்தான் இருக்கிறது. இந்த மருந்துகள் தொழிற்சாலையிலிருந்து குட்டியின் தோல்வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தாக வேண்டும். பகல் முழுக்க மின்சாரம் போய்வரும் கடையின் குளிர்பெட்டி, மே மாத வெயிலில் பைக்கின் முன்பையில் அரைமணி நேரப் பயணம். வலுவிழந்த உயிருள்ள வைரஸ் அதிலேயே செத்துவிடும். பார்த்தால் மருந்து அப்படியே இருக்கும். பொடியைத் திரவத்தில் கலக்கியபின் உடனே போட்டுவிட வேண்டும். காலையில் கலந்து மாலையில் போடுவது தண்ணீர் போடுவதற்குச் சமம். மாறாக, ரேபிஸ், எலிக்காய்ச்சல் மருந்துகள் உறைந்துபோனாலும் கெடும். ஐஸ் உறையும் பெட்டியில் வைக்கக் கூடாது. இதற்கெல்லாம் மேலாக, ஊசி போட்டதும் ஒவ்வாமையில் குட்டி சரிந்து விழுந்தால் வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. ரேபிஸ் சான்றிதழும் மருத்துவர் கையெழுத்தில்லாமல் செல்லாது.

ஊசிக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கொருமுறை கொடுப்பது முறை. வயிறு நிறையப் புழுவோடு, உப்பிய வயிறும் மெலிந்த உடம்புமாக இருக்கும் குட்டியில் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அதற்காகப் புழு மருந்து கொடுக்கவில்லையே என்று ஊசியை மாதக்கணக்கில் தள்ளுவதும் தவறு. காய்ச்சல், கழிச்சல், வாந்தி இருந்தால் மட்டும் தள்ளிப்போடுவோம். சாப்பாடு கொடுத்தே அழைத்து வரலாம்.

ஊசி போட்டபின் குளிப்பாட்டலாமா? கறி கொடுக்கலாமா?

வழக்கமாகச் சாப்பிடுவதை வழக்கம்போல் கொடுங்கள். கறி, முட்டை, மீன் ஊசியை முறிக்கும் என்பதற்கு அடிப்படை இல்லை. குளியலை இரண்டு மூன்று நாள் ஒத்திவைத்தால் குட்டிக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

ஊசி போட்டதும் சோர்ந்து படுத்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

ஒன்றிரண்டு நாள் சோர்வு, லேசான காய்ச்சல், குத்திய இடத்தில் சிறு கட்டி ஆகியவை இயல்பு. கட்டி சில வாரங்களில் கரைந்துவிடும். வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுக்காதீர்கள்; மனிதர்களின் வலி மாத்திரைகள் நாய்களுக்கு நஞ்சாகலாம்.

முகமும் கண்ணிமையும் வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, அடுத்தடுத்து வாந்தி, ஈறு வெளுத்து நிற்க முடியாமல் தள்ளாடுவது ஆகியவை வேறு. இவை சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். உடனே திரும்பிப் போக வேண்டும். ஊசி போட்டபின் அரைமணி நேரம் மருத்துவமனைத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒருமுறை இப்படி நடந்திருந்தால் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அடுத்த ஊசித் தேதி தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

குட்டி என்றால் நினைவு வந்த அன்றே போட்டுவிட்டு, 16 வாரம் தாண்டும்வரை தொடருங்கள். வளர்ந்த நாய்க்கு பார்வோ, டிஸ்டெம்பர் ஒரே ஊசி போதும். எலிக்காய்ச்சல் ஊசி ஒன்றரை ஆண்டுக்கு மேல் விட்டுப்போயிருந்தால் மீண்டும் இரண்டு முறை. ரேபிஸ் ஊசியை உடனே போட்டு அன்றிலிருந்து ஆண்டைக் கணக்கிடுங்கள்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பெரிய நாய்க்கு?

பல நோய்களுக்கு ஒரே குப்பியாக வரும் கூட்டுத் தடுப்பூசி ஒன்றும் ரேபிஸ் ஒன்றும் போட்டு, எலிக்காய்ச்சலுக்காக மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று. பழகாத நாய் என்றால் முதல் நாளே மேசையில் ஏற்றிப் போராட வேண்டாம். கடி வாங்காமல் ஊசி போடத் தெரிந்தவரை வரவழையுங்கள்.

சினையாக இருக்கும் பெட்டைக்குப் போடலாமா?

உயிருள்ள வைரஸ் கொண்ட கூட்டுத் தடுப்பூசியைச் சினைக்காலத்தில் தவிர்க்கிறோம். இணை சேர்ப்பதற்கு முன்பே போட்டுவிட்டால் சீம்பாலும் வலுவாக இருக்கும்.

கொரோனா ஊசி என்று ஒன்று போடுகிறார்களே?

நாய்களின் குடலைத் தாக்கும் கொரோனா வேறு. கோவிட் கிருமிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நோயே பெரும்பாலும் லேசானது. அந்த ஊசியைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று மேலே சொன்ன சங்கமே கூறுகிறது. காசை மிச்சப்படுத்துங்கள். கெனல் காஃப் எனப்படும் இருமலுக்கான ஊசி, நாயை விடுதியில் விடுபவர்களுக்கும் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் பயன்படும், மற்றவர்களுக்கு அவசரமில்லை.

ஊசி எல்லாம் சரியாகப் போட்டும் காய்ச்சல் வந்து, மூக்கில் இரத்தம் வடிகிறது. ஏன்?

பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகளை உண்ணிகள் பரப்புகின்றன. வெப்பமான நம் ஊரில் ஆண்டு முழுவதும் உண்ணி உண்டு. மேலே சொன்ன எந்த ஊசியும் இதற்குக் காவல் இல்லை. மாத்திரை, கழுத்துப்பட்டை, முதுகில் விடும் சொட்டு மருந்து என்று உண்ணியை ஒழிப்பதே வழி. இரத்தப் பரிசோதனை செய்து சீக்கிரம் தொடங்கினால் குணமாகும்.

எல்லா ஊசியும் முடியும்வரை குட்டியை வெளியே கொண்டுபோகக் கூடாதா?

தெருவிலும் பூங்காவிலும் தரையில் விடக் கூடாது. அதற்காக நான்கு மாதம் ஓர் அறையில் பூட்டினால், வளர்ந்தபின் பைக் சத்தத்துக்கும் அந்நியருக்கும் அஞ்சிக் கடிக்கும் நாயாகும். மூன்று முதல் பதினான்கு வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் வயது. மடியில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை போங்கள், மொட்டைமாடியில் விளையாடவிடுங்கள், ஊசி போட்ட நண்பர் வீட்டு நாயோடு பழகவிடுங்கள்.

ஊசி போட்ட எங்கள் நாயே கடித்துவிட்டது. எங்களுக்கும் ஊசி வேண்டுமா?

முதலில் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள், ஊசி இலவசம். நாய்க்கு ஊசி போட்டதைச் சொல்லலாம், ஆனால் அந்தக் காரணத்துக்காக நீங்களே முடிவெடுத்து வீட்டில் இருந்துவிட வேண்டாம். நாயைப் பத்து நாள் கட்டிக் கவனியுங்கள். அது நலமாக இருந்தால் மிச்ச ஊசிகளை நிறுத்தலாமா என்று மருத்துவர் சொல்வார். குட்டியின் பல் கீறலும் கடிதான்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயத்தில் இன்னும் சிலர் மறைக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004இன் இறுதியோடு நின்றுவிட்டது. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் ஒருகாலத்தில் அதைத் தயாரித்த இடம்தான். இப்போது அரசு மருத்துவமனைகளில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் மேல்கைத் தோலில் சிறு ஊசி. காயத்தில் இரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் எனப்படும் ஆயத்த எதிர்ப்புப் புரதத்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

வெறிநாய் எங்கள் நாயைக் கடித்துவிட்டால்?

கையுறை அணிந்து காயத்தைச் சோப்பால் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். முன்பே ஊசி போட்ட நாய் என்றாலும் மீண்டும் போட வேண்டும். நம் நாட்டில் கடிபட்ட நாய்க்கு 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுவது வழக்கம். முன்பு ஊசியே போடாத நாய் என்றால் ஆபத்து பெரிது. குழந்தைகளை அருகில் விடாமல் தனியே வைத்து, என்ன செய்வது என்று மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

எங்கள் தெரு நாய்களுக்கு நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டால் ரேபிஸ் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கோவாவில் வலையும் கைபேசிச் செயலியுமாக வீதிவீதியாகப் போய் நாய்களுக்கு ஊசி போட்டார்கள். மூன்று ஆண்டுகளாக மனிதர் எவரும் ரேபிஸால் இறக்கவில்லை என்று 2021இல் அம்மாநில அரசு அறிவித்தது. உங்கள் தெருவில் மாநகராட்சி வண்டி வரும் நாளில், தினமும் சோறு வைப்பவர் உடன் நின்றாலே பாதி வேலை முடியும். நாய் அவர் கைக்குத்தான் வரும். ஊசி போட்ட நாய்களின்மேல் சாய அடையாளம் இட்டுவிடச் சொல்லுங்கள், எந்த நாய்க்குப் போட்டோம் என்பது இரண்டு நாளில் மறந்துபோகும்.

தடுப்பூசி அட்டை எதற்கெல்லாம் தேவைப்படும்?

சென்னையில் மாநகராட்சி உரிமம் வாங்க ரேபிஸ் சான்று கட்டாயம். ரயிலில் அழைத்துச் செல்லவும் விடுதியில் விடவும் அட்டையைக் கேட்பார்கள். கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டைகளைக் குட்டிகள் கடித்துத் தின்பது சாதாரணம்.

வெளிநாட்டுக்கு அழைத்துப்போகும் எண்ணம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பொருத்திய பிறகு போட்ட ரேபிஸ் ஊசியை மட்டுமே ஏற்பார்கள். அந்த ஊசிக்குக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து எதிர்ப்புப் புரத அளவைச் சோதிக்க வேண்டும், பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விமான டிக்கெட் எடுப்பதற்கு ஆறு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள்.